பழைய டெலி லென்ஸ்: பூநாரை பார்க்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

ராமேஸ்வரத்திலிருந்து கோதண்டராமர் கோயிலுக்குப் போகும் வழியில், குளிர்காலத்தில் பூநாரை இறங்கும் நீர்ப்பரப்போரம் கையால் ஃபோகஸ் செய்யும் மலிவான பழைய டெலி லென்ஸோடு (தூரத்தைக் கிட்டக் காட்டுவது) தம்பிகள் நிற்பதைப் பார்க்கிறேன். திரும்பத் திரும்ப அதே தவறுகள்தான். தூசி, கீறல் எல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

பூஞ்சை

லென்ஸின் ஒளித்துளையை (அப்பர்ச்சர்) முழுக்கத் திறந்து வைத்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய இழை ஓடினால் பாதி விலைக்கும் வேண்டாம். நம் கடற்கரை ஈரத்தில் அது இன்னும் பரவும்.

மவுண்ட் பார்க்காமல் வாங்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். மவுண்ட் என்பது லென்ஸ் கேமராவோடு பொருந்தும் வாய். மண்டபத்துத் தம்பி ஒருவன் நிக்கான் டிஎஸ்எல்ஆரில் எம்42 என்ற திருகு மவுண்ட் 200 மி.மீ. லென்ஸை அடாப்டர் (இடையில் வைக்கும் வளையம்) போட்டு மாட்டியிருந்தான். ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பியும் பறவைகள் வெளிறிய திட்டாகவே நின்றன. "லென்ஸ் ரிப்பேராண்ணே?" என்றான். பத்தடி தள்ளிக் காய்ந்துகொண்டிருந்த வலையைப் பார்க்கச் சொன்னேன். முடிச்சு முடிச்சாகத் தெரிந்தது. லென்ஸில் ஒரு குறையும் இல்லை.

எம்42 லென்ஸின் மவுண்ட் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். நிக்கான் எஃப் மவுண்டில் அந்த இடைவெளி 46.5 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் கூடுதல். ஆனால் அதனாலேயே 200 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 40 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் ஆகாது, 135 மி.மீ. என்றால் 17 மீட்டரோடு சரி. பூநாரை அவ்வளவு கிட்ட விடுமா? உள்ளே கண்ணாடி வைத்த அடாப்டர் போட்டால் தூரம் கிடைக்கும், ஆனால் மலிவான கண்ணாடி கூர்மையைக் கெடுத்துவிடும்.

கேனன் ஈஎஃப் மவுண்டில் இடைவெளி 44 மி.மீ., சோனி ஈ மவுண்டில் 18 மி.மீ. இரண்டிலும் எம்42 லென்ஸுக்குக் கண்ணாடி இல்லாத வெறும் அடாப்டரே போதும். அதற்காகக் கேனன் என்ற பெயரை மட்டும் பார்த்துப் பழைய எஃப்டி லென்ஸை ஈஎஃப் கேமராவுக்கு வாங்கிவிடாதீர்கள். அதற்கு வேண்டியது 42 மி.மீ., அங்கேயும் இதே கதைதான்.

"எல்லா கேமராவுக்கும் சேரும்" என்பார் விற்கிறவர். சேரும்தான், மாட்டவும் மாட்டும். உங்கள் கேமராவிலேயே போட்டு, தொலைவில் போகும் படகு தெளிவாகத் தெரிந்த பிறகு காசை எடுங்கள்.

2எக்ஸ் கன்வெர்ட்டர் (படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்க லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டுவது)

வேண்டாம்.

குறைந்த ஷட்டர் வேகம்

அரிச்சல்முனைக் காற்றில் முக்காலியே ஆடும். பழைய லென்ஸில் ஆட்டத்தைத் தடுக்கும் வசதி கிடையாது. 200 மி.மீ. என்றால் 1/500 விநாடிக்குக் கீழே இறங்காதீர்கள். வெளிச்சம் போதவில்லையா, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றுங்கள்.

மணலில் நின்று லென்ஸ் மாற்றுவது

வண்டிக்குள் போய் மாற்றுங்கள்.