பிரேக்கப் கதையை ரொமான்டிக் காமெடியா எழுதுறது எப்படி

லவ் புட்டுக்கிச்சுன்னா நம்மாளுங்க முதல்ல தாடி வளர்ப்பாங்க, அப்புறம் ஸ்கிரிப்ட் எழுத உக்காருவாங்க. நானும் உக்காந்தேன். 140 பக்கம் எழுதினேன், அதுல அந்தப் பொண்ணு வர்ற ஒவ்வொரு சீன்லயும் ஏதாவது ஒரு தப்பு பண்ணிட்டே இருப்பா, பையன் மட்டும் ஜன்னல் ஓரமா மழையைப் பாத்துட்டு நல்லவனா நிப்பான். படிச்சு முடிச்ச ஃப்ரெண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், "ஏன்டா, இவ்ளோ மோசமான பொண்ணை இவன் எதுக்கு மூணு வருஷம் லவ் பண்ணான், லூசா அவன்?" எனக்கு வாயே வரல. அந்த ஸ்கிரிப்ட் இன்னிக்கும் ஒரு ஹார்டு டிஸ்க்ல தூங்குது, எழுப்புற ஐடியாவும் இல்ல. ஆனா அதுல என்னென்ன சொதப்புனேனோ அதையெல்லாம் வெச்சுத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல, நீங்க இதை எழுத ரெடியான்னு பாத்துக்கங்க. எப்படிப் பாக்கிறதுன்னா, பிரேக்கப் ஆன கதையை ஒரு ஃப்ரெண்டுகிட்ட வாயால சொல்லிப் பாருங்க. நீங்க அசிங்கப்பட்ட இடம் வரும்போது உங்களுக்கே சிரிப்பு வந்துச்சுன்னா எழுதலாம். அந்த இடத்துல "இல்லடா, அன்னிக்கு என்ன ஆச்சுன்னா..."ன்னு வக்கீல் மாதிரி விளக்கம் குடுக்க ஆரம்பிச்சீங்கன்னா இன்னும் புண்ணு ஆறல, நோட்டுல குறிச்சு மட்டும் வைங்க, ஸ்கிரிப்ட் பக்கம் வராதீங்க. ஆனா குறிச்சு வைக்கிறதை விட்ராதீங்க, அது ரொம்ப முக்கியம், ஏன்னா அப்ப பண்ண கிறுக்குத்தனம் எல்லாம் ஆறு மாசம் கழிச்சு ஞாபகத்துல நல்லபடியா பாலிஷ் ஆயிடும், கடைசியில மழை ஜன்னல் மட்டும்தான் மிஞ்சும்.

2008ல வந்த ஃபர்கெட்டிங் சாரா மார்ஷல்ங்கிற ஹாலிவுட் படமும் இதே சப்ஜெக்ட்தான். எழுதி ஹீரோவா நடிச்சவர் ஜேசன் சீகல். அதுல ஹீரோ டவலை அவுத்துப் போட்டுட்டு பிறந்த மேனியா நிக்கும்போது அவன் லவ் பண்ற பொண்ணு பிரேக்கப் சொல்லுவா, அவனும் டிரெஸ் போடாமலே நின்னு அழுவான். அது தனக்கே நெஜமா நடந்ததுன்னு சீகலே பேட்டில சொல்லியிருக்கார். ரூம்ல உக்காந்து யோசிச்சா இப்படி ஒரு சீன் வருமா? நமக்கு வராது, நம்ம ஹீரோவை கௌரவமா அழ வைக்கத்தான் கை போகும். அதனால உங்க நோட்டுல எதை எழுதும்போது கை கூசுச்சோ, அதை எடுத்து முதல் பத்து பக்கத்துக்குள்ள வைங்க.

இப்ப மெயின் விஷயம். மூவ் ஆன் ஆகிறதை ஷூட் பண்ணவே முடியாது. மறக்கிறதுங்கிறது மண்டைக்குள்ள நடக்கிற வேலை, அதுவும் நமக்கே தெரியாம நடக்கிறது, கேமராவுக்கு அது எங்க தெரியும்? கேமராவுக்குத் தெரியறது ஆளு என்ன பண்றான்ங்கிறது மட்டும்தான். அதனால நம்ம கேரக்டருக்கு எப்பவும் ஒரு வேலை இருக்கணும், அந்த வேலையை "நான் மூவ் ஆன் ஆயிட்டேன்"னு சொல்லிக்கிட்டே பண்ணணும், ஆனா பாக்கிற நமக்கு அவன் இன்னும் அங்கயே தொங்கிட்டு இருக்கான்னு தெரியணும். மொத்தப் படத்துக்கும் காமெடி இந்த ஒரு இடைவெளியில இருந்துதான் வரும். சோகம் தனியா காமெடி தனியான்னு பிரிச்சு, சோகத்தை ஹீரோவுக்கும் காமெடியை ஃப்ரெண்டுக்கும் குடுத்தீங்கன்னா ரெண்டும் ஒட்டாது.

உதாரணத்துக்கு, எக்ஸோட, அதாவது பழைய லவ்வரோட, சாட் மெசேஜை எல்லாம் டெலீட் பண்றான், ஆனா அதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்து வெச்சுக்கிறான். பிளாக் பண்ணிடறான், அப்புறம் அவ தன்னை பிளாக் பண்ணியிருக்காளான்னு பாக்கிறதுக்காக அன்பிளாக் பண்றான். ஜிம்ல சேந்து முதல் நாளே ஃபோட்டோ போடறான், யார் யார் பாத்தாங்கங்கிற லிஸ்ட்டை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கீழ இருந்து மேல, மேல இருந்து கீழ தள்ளிட்டே இருக்கான். இதுல ஒரு டயலாக்கும் தேவையில்ல, ஆளு வாயைத் திறக்கலைன்னாலும் நமக்கு எல்லாம் புரியுது. இந்த மாதிரி ஒரு இருபது எழுதுங்க, முதல் பத்து எல்லாருக்கும் வர்றதாத்தான் இருக்கும், தூக்கிப் போட்ருங்க.

ஒரு சீனை முழுசா கட்டிக் காட்டுறேன், அப்பதான் நான் சொல்றது பிடிபடும். நம்ம லீட், அதாவது மெயின் கேரக்டர், ஒரு பொண்ணுன்னு வெச்சுக்குவோம். பிரேக்கப் ஆகி ரெண்டு மாசம். ஆஃபீஸ்ல கூட வேலை பாக்கிற பையன் ஒருத்தன் ஒரு அவசர பிரசன்டேஷனை முடிக்க வீட்டுக்கு வந்திருக்கான், மேனேஜரும் டீமும் ஏற்கனவே ஃபோன் லைன்ல காத்துட்டு இருக்காங்க, இவன் ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டு டேபிள் மேல வெச்சிருக்கான். லேப்டாப்ல வைஃபை போடணும்.

"பாஸ்வேர்டு சொல்லுங்க."
"குடுங்க, நானே போட்டுத் தரேன்."
"பரவால்ல, சொல்லுங்க, டைப் பண்றேன்."
"...கேப்பிடல் பி. அப்புறம் யு, ஜே, ஜே, ஐ, எம், ஏ."
"பி, யு, ஜே... புஜ்ஜிமாவா?"
"ரவுட்டர் கம்பெனிக்காரங்க போட்டுக் குடுத்தது."
"ஓ. அப்புறம்?"
"ஜீரோ நைன் டபுள் ஒன்."
"இது யாரோட பர்த்டேவா?"
"ரேண்டம் நம்பர்."
"எடுக்க மாட்டேங்குதுங்க. பெரிய பி, புஜ்ஜிமா, ஜீரோ நைன் டபுள் ஒன், கரெக்டா?"

டேபிள் மேல இருந்து மேனேஜர் குரல்: "யாருப்பா புஜ்ஜிமா?"

இந்த சீன்ல யாரும் எக்ஸைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, ஃப்ளாஷ்பேக் இல்ல, அழுகை இல்ல. ஆனா அந்தப் பழைய பையன் எப்படிக் கொஞ்சியிருப்பான், என்னிக்கு சேந்தாங்க, ரெண்டு மாசமா இவ ஏன் அந்தப் பாஸ்வேர்டை மாத்தல, எல்லாம் வந்துடுச்சு. அதோட புதுப் பையனுக்கு இவளைப் பத்தி ஏதோ புரிஞ்சுடுச்சு, ஆனா அவன் காட்டிக்கல, அந்த காட்டிக்காத இடத்துல தான் அடுத்த லவ்வுக்கு விதை போடணும். கவனிச்சீங்கன்னா இதுல ஒரு சின்ன டெக்னிக் இருக்கு: ஒரே அவமானம் மூணு படி ஏறுது, முதல்ல அவளுக்கு மட்டும், அப்புறம் ரெண்டு பேருக்கு நடுவுல, கடைசியா மொத்த டீமுக்கும். படி ஏறாத காமெடி வெறும் ஜோக்காவே நின்னுடும்.

படி ஏத்துறதை கத்துக்கணும்னா 1996ல வந்த ஸ்விங்கர்ஸ் படத்துல ஒரு ஃபோன் சீன் இருக்கு, ஜான் ஃபேவ்ரோ எழுதி நடிச்சது. ஆறு வருஷ லவ் முறிஞ்ச ஒருத்தன் அன்னிக்கு ராத்திரி பார்ல நம்பர் வாங்கின பொண்ணோட ஆன்சரிங் மெஷின்ல (ஃபோனை யாரும் எடுக்கலைன்னா பேசுறதைப் பதிவு பண்ணி வைக்கிற மெஷின்) மெசேஜ் விடுவான், மெஷின் பாதியில கட் பண்ணிடும், திரும்பக் கூப்பிட்டு பாதியை முடிப்பான், அது கேவலமா இருந்துச்சுன்னு விளக்க மறுபடி கூப்பிடுவான், இப்படியே போய் ஒரு முழு ரிலேஷன்ஷிப்பும் ஆரம்பிச்சு சண்டை வந்து பிரேக்கப் ஆகுற வரைக்கும் மெஷின்கிட்டயே பேசி முடிச்சிடுவான். ஒரு ரூம், ஒரு ஃபோன், ஒரு ஆளு, அவ்ளோதான். பட்ஜெட் இல்லைன்னு அழுற ஷார்ட் ஃபிலிம் பசங்க இதை நாலு தடவை பாக்கலாம்.

சரி, எக்ஸ் கேரக்டர். என்னோட 140 பக்கம் செத்தது இங்கதான். எக்ஸை வில்லன் ஆக்கினீங்கன்னா மூவ் ஆன் ஆகிறது ரொம்ப ஈஸியா போயிடும், "விட்டுச்சு சனியன்"னு ஆடியன்ஸ் பத்தாவது நிமிஷமே முடிச்சிடுவாங்க, மீதி தொண்ணூறு நிமிஷம் எதைக் காட்டுவீங்க? எக்ஸ் நல்ல ஆளா இருக்கணும், பிரிஞ்ச காரணமும் ரெண்டு பக்கமும் நியாயமா இருக்கணும். எக்ஸ் பேசுற ஒரு டயலாக்காவது லீடை விட புத்திசாலித்தனமா, கேக்குறவங்க தலையாட்டுற மாதிரி இருக்கணும்னு நான் ஒரு ரூலே வெச்சிருக்கேன். இதை எழுதுறது கஷ்டம்தான், உங்க எக்ஸை நெனச்சு எழுதும்போது இன்னும் கஷ்டம், பல்லைக் கடிச்சுட்டு எழுதுங்க. அப்படியே நெஜ ஆளோட பேரு, வேலை, அடையாளம் எல்லாத்தையும் மாத்திடுங்க, அவங்க சம்மதம் கேக்காம அவங்க வாழ்க்கையை எடுத்து வெச்சிருக்கோம்ங்கிறது மண்டையில இருக்கட்டும்.

ஃப்ளாஷ்பேக் பத்தி ஒரு வார்த்தை. கைல எடுத்தா கீழ வைக்க முடியாத பழக்கம் அது. மூணு ஃப்ளாஷ்பேக்குக்கு மேல போச்சுன்னா ஆடியன்ஸ் பழைய ஜோடிக்கு ரசிகர் ஆயிடுவாங்க, புதுசா யார் வந்தாலும் வெறுப்பாங்க. 2009ல வந்த 500 டேஸ் ஆஃப் சம்மர் முழுக்க முழுக்க முன்ன பின்ன தாவுறதுதான், ஆனா அங்க நிறைய தாவல் ஹீரோ அந்த நாளை எப்படி தப்பா ஞாபகம் வெச்சிருக்கான்னு காட்டுறதுக்காக வருது. அதே படத்துல ஒரு பார்ட்டியை ரெண்டா பிரிச்சு, இந்தப் பக்கம் அவன் எதிர்பாத்தது அந்தப் பக்கம் நெஜமா நடந்ததுன்னு ஒரே நேரத்துல ஓட்டுவாங்க. ஃப்ளாஷ்பேக் வெச்சா இப்படி ஒரு காரணத்தோட வைங்க, ரெண்டு பேரும் பைக்ல போற ஷாட்டை நிரப்புறதுக்காக வேணாம்.

பக்கக் கணக்கு சொல்லணும்ல. ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிஷம்னு வெச்சா, இந்த மாதிரி கதைக்கு 100 பக்கம் தாராளம். பிரேக்கப் 10வது பக்கத்துக்குள்ள முடிஞ்சிடணும், ஏன்னா நம்ம கதை அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. இன்டர்வெல்ல பெரும்பாலும் எல்லாரும் ஒரு புது ஆளோட என்ட்ரியை வைப்பாங்க, நான் வைக்க மாட்டேன், அங்க ஒரு பெரிய சறுக்கல் வைப்பேன். நல்லா போயிட்டு இருக்கு, சிரிக்கிறான், தூங்குறான், அப்ப எக்ஸ்கிட்ட இருந்து "எப்படி இருக்க"ன்னு ஒரு மெசேஜ், கேள்விக்குறி கூட இல்லாம. அந்தக் கேள்விக்குறி ஏன் இல்லைன்னு ரெண்டு ஃப்ரெண்ட்ஸைக் கூட்டி வெச்சு அரை ராத்திரி ஆராய்ச்சி பண்றான். அங்க கட் பண்ணிடுங்க.

இந்த ஃப்ரெண்ட்ஸுக்கும் ஒரு வாழ்க்கை குடுங்க சார். ஹீரோ அழுறதுக்கு தோள் குடுக்கவும், கவுன்டர் அடிக்கவும் மட்டுமே வர்ற ஃப்ரெண்டைப் பாத்தாலே பாவமா இருக்கு. அவனுக்கு நாளைக்கு இன்டர்வியூ இருக்கணும், இவன் புலம்பல்ல அது கெட்டுப் போகணும், அவன் ஒரு தடவையாவது வெடிக்கணும். நம்ம சோகம் மத்தவங்களுக்கு எவ்ளோ போர்னு ஹீரோவுக்கு உறைக்கிற சீன் அதுதான், அதுக்கப்புறம்தான் அவன் மேல நமக்கு மரியாதையே வரும்.

புது ஆள் விஷயத்துல ஒரே எச்சரிக்கை: அவங்களை மருந்தா எழுதாதீங்க. காயத்துக்குப் போடுற பேண்டேஜ் மாதிரி வந்து நிக்கிற கேரக்டர் கூட ரெண்டு சீனுக்கு மேல பேச விஷயம் இருக்காது. லீட் மேல அவங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கணும், "நீ என்னைப் பாக்கிறியா, இல்ல அந்த ஆள் இல்லாத இடத்தைப் பாக்கிறியா"ங்கிற மாதிரி, ஆனா இதை டயலாக்கா எழுதிடாதீங்க, எழுதினா டிவி சீரியல் ஆயிடும். சேந்து போன ஒரு இடத்துல அவங்க பாதியில எழுந்து கிளம்புறதா காட்டினா போதும்.

ஒருவேளை உங்க கதை கடைசியில எக்ஸ்கூடவே திரும்ப சேருதுன்னா, தாராளமா எழுதுங்க, ஆனா அது வேற ஜாதிப் படம். ஹாலிவுட்ல 1930கள்லயே டைவர்ஸ் வரைக்கும் போன ஜோடி திரும்ப ஒண்ணு சேர்ற காமெடிங்க வரிசையா வந்துச்சு, 1937ல வந்த தி ஆஃபுல் ட்ரூத் அந்த வகைதான். அதுல ரெண்டு பேரும் மாறி மாறி அடுத்தவங்களோட புது லவ்வைக் கெடுக்கிறதுதான் ஆட்டமே. ஒரே ஸ்கிரிப்ட்ல பாதி வரைக்கும் மூவ் ஆன், அப்புறம் திடீர்னு சேர்க்கைன்னு போனா ஆடியன்ஸ் ஏமாந்த மாதிரி உணருவாங்க.

க்ளைமாக்ஸ்ல பெரும்பாலான ஸ்கிரிப்ட் தடுமாறும். ஏர்போர்ட்டுக்கு ஓடுறது, எக்ஸ் கல்யாணத்துல நின்னு ஸ்பீச் குடுக்கிறது, ஃபோட்டோவை எரிக்கிறது, எதுவும் வேணாம், ஃபோட்டோவை எரிக்கிறவன் இன்னும் மறக்கலைன்னுதான் அர்த்தம். அதுக்குப் பதிலா முதல்ல வலிச்ச அதே பொருளைத் திரும்பக் கொண்டு வாங்க, இந்த தடவை வலிக்காம. ஸ்விங்கர்ஸ்லயும் இதுதான் நடக்கும், படம் முழுக்க எந்த எக்ஸோட ஃபோனுக்கு ஏங்கினானோ அவ கடைசியில கூப்பிடுறப்ப, இன்னொரு ஃபோன் கால் வருதுன்னு இவனே அவ லைனை விட்டுட்டுப் போயிடுவான்.

நம்ம புஜ்ஜிமா சீனுக்குத் திரும்புவோம். நான் எழுதினா அவ பாஸ்வேர்டை மாத்துற மாதிரி முடிக்க மாட்டேன், அது ரொம்ப நோட்ஸ் எடுத்து எழுதின மாதிரி இருக்கும். கடைசி சீன், வீடு நிறைய ஆளுங்க, அவ மூக்குக் கண்ணாடியைத் தேடிட்டு இருக்கா, யாரோ ஒரு விருந்தாளி ஹால்ல இருந்து பாஸ்வேர்டு கேக்கிறாங்க. உள்ள இருந்தே கத்துறா, "கேப்பிடல் பி, புஜ்ஜிமா, ஜீரோ நைன் டபுள் ஒன்!" அந்தப் புதுப் பையன் திரும்பிப் பாக்கிறான். அவ கவனிக்கல, சோஃபா குஷனைத் தூக்கிப் பாத்துட்டு, "என் கண்ணாடியை யாராவது பாத்தீங்களா?"ன்னு கேக்கிறா. அவன் அவ தலையைக் காட்டுறான், கண்ணாடி அங்கதான் இருக்கு.