பேச்சு வரும் வயதில் வீட்டில் நடக்கும் தவறுகள்

சோமனூர், பல்லடம் பக்கம் பல வீடுகளை ஒட்டியே விசைத்தறிக்குடோன் இருக்கும். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது, தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு எங்கே விழும்? தொட்டிலைச் சத்தம் குறைந்த அறைக்கு மாற்றுங்கள். தறி நின்ற நேரத்தில் மடியில் போட்டு, முகம் பார்த்துப் பேசுங்கள். நாள் முழுக்க ஓடும் டிவியும் தறிக்குச் சளைத்ததல்ல.

செல்போன் இன்னொன்று. பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வருகிற அம்மாவுக்குச் சோறூட்ட அது சுலபம்தான், புரிகிறது. ஆனால் 2 வயதுக்குள் திரை வேண்டாம், 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. போன் பாடும், ஆடும். பிள்ளை ‘ங்கா’ என்றால் பதில் சொல்லாது. பேச்சு வளர்வது அந்தப் பதிலில்தான்.

நிறையப் பேசுகிற வீடுகளில் வேறு தவறு: இடைவெளியே விடுவதில்லை. “ஏஞ்சாமி, பாலு குடிச்சீங்களா?” என்று அமுச்சி (அம்மாவின் அம்மா) கேட்டால், கொஞ்சம் நிறுத்த வேண்டும். பிள்ளை காலை உதைக்கும், சிரிக்கும், ‘ம்ம்’ என்னும். அது அதன் முறை, அப்புறம்தான் நம் முறை. ஒரம்பரை (உறவினர்) வந்ததும் “ஏபிசிடி சொல்லு” என்று பரீட்சை வைப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைச் சொல்லுங்கள். “மாடு” என்றால், “ஆமாங் கண்ணு, மாடு சோளத்தட்டு திங்குது.” மழலையைக் கேலி செய்யாமல், சரியான சொல்லை நாம் ஒருமுறை சொன்னால் போதும்.

வீட்டில் பேசும் தெலுங்கையோ கன்னடத்தையோ நிறுத்த வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. நாக்கில் வசம்பு, காதில் எண்ணெய் இரண்டும் வேண்டாம்.

“இவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசுனான்” என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. 12 மாதத்தில் மழலை ஒலியோ சைகையோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். கைதட்டினால் திரும்புகிறதே என்று இருந்துவிடாதீர்கள். பெரிய சத்தம் மட்டும் கேட்டு, பேச்சு தெளிவாகக் கேட்காத பிள்ளைகளும் உண்டு. அரசு மருத்துவமனையோடு சேர்ந்த மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் கட்டணம் இல்லாமல் பார்ப்பார்கள். உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் செய்துகொள்ளலாம். மூன்று வயது வரை காத்திருந்தால் அதில் பாதிக் காலம் போய்விடும்.