தலைக்குக் குளித்ததும் அடைத்த காது

எண்ணெய் தேய்த்துக் குளித்து எழுந்ததும் வலது காது அடைத்துக்கொண்டது. வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்துக் குதித்தேன். மூக்கைப் பிடித்து ஊதினேன். அசையவில்லை. பட்ஸ் போட்டதுதான் பெரிய தப்பு. நுனியில் கொஞ்சம் பழுப்பு ஒட்டி வந்தது, மிச்சமெல்லாம் உள்ளே போய் இறுகிவிட்டது. சளி மாத்திரையில் இரண்டு நாள் போயிற்று.

துப்பு கிடைத்தது, வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகியபோது. சத்தம் அடைத்த காதில்தான் பலமாகக் கேட்டது. வெளிக்காதிலோ நடுக்காதிலோ தடை இருந்தால் அப்படித்தான் கேட்கும். நரம்பில் கோளாறென்றால் நல்ல காதுப் பக்கம் ஒதுங்கும். திடீரென அப்படி ஆனால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார். காய்ந்த குறும்பி, தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது. செவிப்பறையில் ஓட்டை, பழைய சீழ் உண்டா என்று விசாரித்த பிறகே 5 சதவீத சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்து எழுதினார்: தினம் 3 வேளை, 4 சொட்டு, விட்டபின் 5 நிமிடம் ஒருக்களித்துப் படுக்கை. முதல் நாள் காது இன்னும் மந்தமாகியது. குறும்பி ஊறிப் பருப்பதால் வருவது அது. பயந்து நிறுத்தக் கூடாது.

நான்காம் நாள் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, 37 டிகிரி வெதுவெதுப்பு நீரைச் சிரிஞ்சில் எடுத்து, செவிப்பறையை நோக்கி அல்லாமல் காதுக் குழாயின் மேல்சுவரில் படும்படி பீய்ச்சினார். நீரின் சூடு கூடினாலும் குறைந்தாலும் தலை சுற்றும். மூன்றாவது பீய்ச்சலில் கருப்பு உருண்டை ஒன்று கிண்ணத்தில் விழுந்தது. அன்றைக்கு மின்விசிறிச் சத்தமே இரைச்சலாக இருந்தது.