பெருக்காத முற்றமும் வாபி-சாபியும்

தோட்டத்தைக் கவனிக்க நேரமில்லாதவர்களுக்கு வாபி-சாபி என்ற ஜப்பானிய அழகுணர்வு நல்ல சாக்காகிவிட்டது. காய்ந்த சருகு குவிந்து கிடக்கிறதா? வாபி-சாபி. தொட்டி விரிசல் விட்டு மண் கொட்டுகிறதா? அதுவும் வாபி-சாபி. முதல் தவறே இதுதான்.

வாபி என்பது குறைவான பொருள்களில் காணும் நிறைவு. சாபி என்பது காலம் ஏறிய பொருளில் தெரியும் அழகு. இந்த ரசனையை ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் ஊன்றியவர்களில் முக்கியமானவர் சென் நோ ரிக்யூ (1522–1591). அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. தேநீர்க் குடிலின் தோட்டத்தை ஓர் இலைகூட இல்லாமல் பெருக்கியபின், மரத்தை உலுக்கி நாலு இலைகளை விழ வைத்தாராம். உலுக்கியதைத்தான் எல்லோரும் சொல்கிறோம், அதற்கு முன் பெருக்கியதை மறந்துவிடுகிறோம்.

கியோத்தோவில் பாசிக் கோயில் என்று பெயர்பெற்ற சாய்ஹோ-ஜி இருக்கிறது. சுமார் 120 வகைப் பாசிகள் அங்கே உண்டு. 1339இல் முசோ சோசெகி என்ற துறவி அந்தத் தோட்டத்தைச் சீரமைத்தபோது பாசி அதன் திட்டத்திலேயே இல்லை. பின்னாளில் கோயில் கவனிப்பாரின்றிக் கிடந்த காலத்தில் அது தானாகப் படர்ந்தது. சோம்பேறிகளுக்கு நல்ல செய்திதான்! ஆனால் இன்று அந்தப் பச்சை நிலைப்பது துடைப்பத்தால். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, நீரையும் ஒளியையும் மேற்பரப்பாலேயே வாங்குகிறது. ஈரச் சருகு அதை மூடினால் வெளிச்சமின்றி அழுகிவிடும். அதனால் பாசி பெயராதபடி மென்மையாகக் கூட்டுகிறார்கள், களையைக் கையால் பிடுங்குகிறார்கள்.

அடுத்தது, பழமையைக் கடையில் வாங்குவது. புதுத் தொட்டிக்குத் துருநிறம் அடிப்பது, கல்லில் மோர் தடவிப் பாசிக்குக் காத்திருப்பது எல்லாம் இதில் அடங்கும். ரியோவான்-ஜி கோயிலின் புகழ்பெற்ற மண்சுவரில் உள்ள கறைகளை யாரும் தீட்டவில்லை. எண்ணெய் கலந்து செய்த களிமண்ணிலிருந்து அந்த எண்ணெய் மெல்லக் கசிந்து உண்டானவை அவை. உடைந்த பாத்திரத்தை ஒட்டும் ஜப்பானியக் கலையான கின்ட்சுகிக்கும் இதே கதிதான். அதற்காகவே நல்ல பாத்திரத்தை உடைப்பவர்களும் இருக்கிறார்கள்! உருஷி என்ற மரப்பாலால் ஒட்டி, அந்த வடுவின் மேல் பொன்தூள் இடும் வேலை அது. உருஷி இறுக வெதுவெதுப்பும் ஈரப்பதமும் வேண்டும், முழு வேலையும் முடிய வாரக்கணக்கில் ஆகும். பொன்னிறப் பசையால் ஐந்து நிமிடத்தில் ஒட்டியது வெறும் ஒட்டுத்தான்.

முதுமையைப் போற்றுவதாகச் சொல்லிக்கொண்டு கிழ மரத்தை அப்படியே விட்டுவிடுவதும் தவறு. கனசாவாவின் கென்ரோகு-என் தோட்டத்தில் பழைய பைன் கிளைகளுக்கு முட்டுக் கொடுத்திருப்பார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று யுகிட்சுரி வேலை தொடங்கும். நடுவில் கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து குடைக்கம்பிபோல் கயிறுகளை இறக்கிக் கிளைகளைக் கட்டுகிறார்கள். அந்த ஊரின் ஈரப்பனி கனமானது, கயிறு இல்லாவிட்டால் கிளை முறியும்.

அப்புறம் பருவம். அந்தந்தப் பருவத்தோடு வாழ ஆசைப்பட்டு, ஜப்பானின் 72 குறும்பருவப் பட்டியலைச் சுவரில் மாட்டிக்கொள்கிறோம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து நாள். மார்ச் 10ஐ ஒட்டிப் பீச் மரம் பூக்கத் தொடங்கும், மே மாதத் தொடக்கத்தில் தவளை கத்தத் தொடங்கும். அழகான பட்டியல்தான், ஆனால் சென்னை மொட்டை மாடிக்கு அதனால் என்ன பயன்? அதுவே சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது. தங்கள் ஊர்ப் பூவும் பறவையும் அதில் சொன்ன நாளோடு பொருந்தாததால், வானியலாளர் ஷிபுகாவா ஷுன்காய் 1685 நாட்காட்டிச் சீர்திருத்தத்தையொட்டி அதை ஜப்பானுக்கேற்பத் திருத்தி எழுதினார். உங்கள் தெரு வேம்பு முதல் பூ உதிர்த்த தேதியை ஒரு நோட்டில் குறித்துவைத்தால், நீங்கள் செய்வதும் அதே வேலைதான்.