பழைய ஆர்எக்ஸ் 100-க்குக் கடினமான ஃபோர்க் ஸ்பிரிங்: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டங்களுக்குள் ஓடும் செம்மண் தடங்களில், ஆனி மழை மண்ணை அரித்துப் போட்டதும் வேர்கள் துருத்திக்கொண்டு நிற்கும். சேற்று டயர் போட்ட என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் முன் ஃபோர்க் அங்கே ஒவ்வொரு பள்ளத்திலும் முழுதாக அமுங்கி ‘டங்’ என்று அடிமுட்டியது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு குழாய்களிலும் ஒவ்வொன்றாக இருக்கும் ஸ்பிரிங்கை மாற்றிச் சரிசெய்த வழி இது. ஆயில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), ஃபோர்க் ஆயில் இரண்டையும் முதலில் புதிதாக்கிவிடுங்கள்.

1. அமுங்கலை அளப்பது

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் குழாய் வெளியே தெரியும் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் ஏறி உட்கார, நண்பர் மீண்டும் அளக்கட்டும். வித்தியாசம்தான் அமுங்கல். சீலின் பிடிப்பு ஏமாற்றும் என்பதால், ஒருமுறை அமுக்கி மெல்ல விட்டும், ஒருமுறை தூக்கி மெல்ல இறக்கியும் அளந்து சராசரி எடுங்கள். கரடுமுரடான பாதைக்கு மொத்த ஓட்டத்தில், அதாவது ஃபோர்க் முழுதாக அமுங்கக்கூடிய தூரத்தில், மூன்றில் ஒரு பங்கு போதும். எனக்கு ஓட்டம் 120 மி.மீ.; அமுங்கல் 55. இருக்க வேண்டியது 40.

2. ஸ்பிரிங்கின் பலம்

பெஞ்ச் டிரில்லிங் மெஷினின் அடியில் எடை பார்க்கும் மெஷினை வைத்து, அதன்மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி அமுக்குங்கள். முள் ஓடும் பழைய மெஷினே நல்லது. டிஜிட்டல் மெஷின் பல நேரம் ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்ளும். நீள ஸ்பிரிங் வளைந்து தெறிக்கும். உள்ளே தளர்வாக ஒரு குட்டைக் கம்பியை நிறுத்துங்கள். 20 மி.மீ. அமுக்கியபோதும் 60 மி.மீ. அமுக்கியபோதும் எடையைப் பார்த்தேன். வித்தியாசம் 14 கிலோ. 40-ஆல் வகுத்தால் மி.மீ.க்கு 0.35 கிலோ. இதுதான் ஸ்பிரிங்கின் பலம்.

3. நான் தடுக்கி விழுந்த இடம்

மேல் நட்டை முடுக்கும்போதே ஸ்பிரிங் கொஞ்சம் சுருங்கும். அந்த முன்சுருக்கம் என் வண்டியில் 20 மி.மீ. நான் முதலில் பிவிசி குழாய்த் துண்டு வைத்து அதை 40 ஆக்கினேன். அமுங்கல் 35-க்கு வந்தது, மகிழ்ந்தேன். ஆனால் வேர்கள் மணிக்கட்டில் இடித்தன, பள்ளத்தில் பழைய ‘டங்’ நிற்கவில்லை.

காரணம் கணக்கில் இருக்கிறது. இரண்டு ஸ்பிரிங்குக்கும் சேர்த்து மி.மீ.க்கு 0.7 கிலோ. துண்டு வைத்ததும் ஃபோர்க் அசையத் தொடங்கவே 28 கிலோ வேண்டியிருந்தது; முன்பு 14 போதும். அடிமுட்டும் இடத்தில் தாங்கும் பாரமோ 98-லிருந்து 112 கிலோவுக்குத்தான் உயர்ந்தது. முன்சுருக்கம் ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதில்லை.

சரியான கணக்கு: அமுங்கல் 55, முன்சுருக்கம் 20, மொத்தம் 75. அதை 0.7-ஆல் பெருக்கினால் 52.5 கிலோ, முன்பக்கம் தாங்கும் பாரம் அது. வேண்டியது 40 + 20 = 60. 52.5-ஐ 60-ஆல் வகுத்து, இரண்டாகப் பிரித்தால் ஸ்பிரிங் ஒன்றுக்கு 0.44. இதில் அடிமுட்டும் இடத்தில் 122 கிலோ தாங்கும். அசையத் தொடங்க 17.5 போதும்.

4. எங்கே கிடைக்கும்

வேறு வண்டியின் ஸ்பிரிங் உங்கள் ஃபோர்க் குழாயின் உள்விட்டத்துக்குப் பொருந்தினால் அளந்து வாங்குங்கள். போகப் போகக் கடினமாகும் ஸ்பிரிங்கை நான் விரும்புவதில்லை. இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. இருப்பதையே வெட்டவும் செய்யலாம். அமுங்கி விரிந்து வேலை செய்யும் சுருள் 60 இருந்தால், 12-ஐ வெட்டினால் பலம் கால் பங்கு கூடும். குறைந்த நீளத்துக்குக் குழாய்த் துண்டு வையுங்கள். வெட்டும் முன் சுருள்களுக்கிடையிலான இடைவெளியை 48-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஓட்டமும் முன்சுருக்கமும் சேர்ந்த 140 மி.மீ.யைவிட அது தாராளமாக அதிகம் இருக்க வேண்டும். இல்லையென்றால் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிவிடும்.

பிற்சேர்க்கை: குளச்சல் பக்கத்திலிருந்து ஒருவர், பழைய ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தால் வெட்டலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம். பலம் கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 3.5 மி.மீ. கம்பியில் துரு 0.1 மி.மீ. தின்றாலே சுமார் 11 சதவீதம் போய்விடும். துருக்குழி விழுந்த இடத்தில்தான் கம்பி முறியும்.