கதை சொல்லி ஆங்கிலம் நடத்தும் டீச்சர்களுக்கு

அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கதை வழியாக ஆங்கிலம் நடத்துகிறேன். இப்படி நடத்துகிறவர்களுக்குச் சோர்வு வருவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள், சிரிப்பார்கள், ஆனால் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வகுப்பிலோ கேள்வி பதில் கணீரென்று ஒப்பிப்பது கேட்கும். மனசு அடித்துக்கொள்ளும்.

அந்த மௌனம் இயல்பானது. பேசுவதற்கு முன் கேட்டுப் புரிந்துகொள்ளும் காலம் ஒன்று உண்டு என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் 1980களிலேயே எழுதிவிட்டார். அவர் கருத்தையும் சொன்னதை உடலால் செய்துகாட்டிக் கற்கும் ஜேம்ஸ் ஆஷரின் உடலசைவு முறையையும் வைத்துத்தான் கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் நடத்திய பிளெய்ன் ரே கதைவழிக் கற்பித்தலை உருவாக்கினார். அதனால் முதல் மாதங்களில் பேச்சைத் தேடாதீர்கள், புரிந்ததா என்று பாருங்கள்.

எங்கள் வகுப்பில் ஓடிய ஒரு கதை: ஆட்டுக்குப் பரோட்டா வேண்டும். பலகையில் ‘வான்ட்ஸ்’, ‘கோஸ் டு’, ‘தேர் இஸ் நோ’ மட்டும், பக்கத்தில் தமிழ் அர்த்தம். ஆடு எந்த ஊருக்குப் போகும் என்பதைப் பிள்ளைகளே சொல்ல வேண்டும். போளூர் என்றார்கள். ‘தேர் இஸ் நோ பரோட்டா இன் போளூர்.’ அடுத்து ஆரணி. ஒவ்வொரு வரியையும் கேள்வியாகத் திருப்புவேன்: ‘டஸ் த கோட் வான்ட் கிராஸ்?’ கடைசி பெஞ்சிலிருந்து ‘நோ மிஸ், பரோட்டா!’ என்று வந்தால் அதுதான் பதில். ‘தேர் இஸ் நோ’ என்று நான் தொடங்கியதுமே, ஊர்ப் பெயரைச் சொல்லும் முன்பே, ஜன்னலோரம் இருந்த பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். இதையெல்லாம் அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மார்க் பதிவேட்டில் இது எதுவும் ஏறாது.

மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் கொடுத்துக் கதையை நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். பிழை திருத்த வேண்டாம். சொற்களை எண்ணி, தேதி போட்டுத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். ஜூலைத் தாளையும் நவம்பர்த் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வருகிற தெம்பு வேறு எதிலும் எனக்கு வந்ததில்லை. போர்ஷன் என்னாச்சு என்று தலைமையாசிரியர் கேட்டாலும் அந்தத் தாள்களையே நீட்டலாம். பாடப்புத்தகத்தின் துணைப்பாடக் கதையையும் இதே முறையில் சொன்னால் போர்ஷனும் நகரும்.

தினம் ஒரு புதுக்கதை, பொம்மை, சார்ட் என்று இறங்கினால் சீக்கிரம் களைத்துப்போவீர்கள். ஒரு கதை ஒரு வாரம் தாங்கும். தோளில் துண்டு போட்டால் பரோட்டா மாஸ்டர் ரெடி. கதை எடுபடாத நாளில் இழுத்துப் பிடிக்காமல், படம் வரையவோ பழைய கதையை வாசிக்கவோ விட்டுவிடுங்கள். தொண்டைக்கும் ஓய்வு வேண்டும்.

ஒரு துணையும் வேண்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் டீ குடிக்கும்போது விசாரியுங்கள், இதே முறையில் நடத்துகிற ஒருவராவது அகப்படுவார். ஓடிய கதைகளை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் பரிமாறிக்கொள்ளுங்கள். யோசிக்கத் தெம்பில்லாத வாரத்தில் அவர் கதையை எடுத்து, ஊரையும் விலங்கையும் மட்டும் உங்கள் பிள்ளைகளிடம் கேட்டு மாற்றினால் போதும்.