மின்சார ஸ்போர்ட்ஸ் கார் அறிவிப்பு வந்தால் அதை எடைபோடுவது எப்படி?

குடும்பக் கார் விற்கிற கம்பெனி ஒன்று தன் பெருமைக்கென்று மின்சார ஸ்போர்ட்ஸ் கார் செய்யப் போவதாகச் சொன்னால் போதும், டீக்கடையில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சி கைதட்டும், இன்னொரு கட்சி வெட்டிச் செலவு என்று திட்டும். இரண்டு பேரும் படத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். உள்ளே இருக்கிற சாமானைப் பார்த்து முடிவுக்கு வருவது எப்படி என்று இங்கே எழுதுகிறேன்.

மன்னார்குடியில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. பம்புசெட், ரைஸ் மில், போர் மோட்டார் என்று அப்பா காலத்திலிருந்து இதே வேலை. இப்போது பேட்டரி ஸ்கூட்டர் மோட்டாரும் வருகிறது. கார் என் தொழில் இல்லை. ஆனால் செம்புக் கம்பி சூடேறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மின்சார காரில் பாதி விஷயம் அதற்குள் அடங்கிவிடும்.

முதலில், அந்தக் கம்பெனிக்கு இந்தக் கார் எதற்குத் தேவை என்று பாருங்கள். இந்தப் பேச்சில் டெஸ்லா பெயர் கட்டாயம் வரும். அவர்கள் 2008-இல் ரோட்ஸ்டர் என்ற இரண்டு சீட் காரில் ஆரம்பித்து, 2012-இல் மாடல் எஸ், 2017-இல் மாடல் 3 என்று விலையில் கீழே இறங்கினார்கள். அதனால் எல்லாக் கம்பெனியும் மேலே இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பார்கள். அன்றைக்கு டெஸ்லா என்றால் யாருக்கும் தெரியாது. லோட்டஸ் எலிஸ் என்ற சின்ன பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, லேப்டாப்பில் போடுவது போன்ற சின்ன செல்கள் 6,831-ஐக் கோத்து, 53 யூனிட் பேட்டரி கட்டினார்கள். (கிலோவாட் அவர் என்று போட்டிருப்பது நம் கரண்டு பில்லில் வருகிற அதே யூனிட்தான், நான் யூனிட் என்றே எழுதுகிறேன்.) மின்சாரத்தில் ஓடும் கார் வேகமாகவும் போகும் என்று அவர்கள் உலகத்துக்குக் காட்ட வேண்டியிருந்தது. சுமார் 2,450 கார் செய்து அதைக் காட்டிவிட்டார்கள். அதே கம்பெனி 2017 நவம்பரில் புது ரோட்ஸ்டரை மேடையேற்றி, 2020-இல் வரும் என்றது. அந்த ஆண்டு வந்து போனது, கார் வரவில்லை. கம்பெனியைத் தூக்கி நிறுத்தியவை மாடல் 3-உம் மாடல் ஒய்-யும்தான்.

ஊருக்கு ஊர் ஷோரூம் வைத்து, லட்சக்கணக்கில் கார் விற்கிற கம்பெனிக்குத் தன் பெயரைப் புதிதாக நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை. அது செய்தால் வேறு காரணம் இருக்க வேண்டும். காரணம் இல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆடி ஆர்8 இ-டிரான் என்ற மின்சார ஸ்போர்ட்ஸ் கார் ஒரு சாட்சி. 2015-இல் வந்தது, விலை கிட்டத்தட்ட பத்து லட்சம் யூரோ. நூறு கார்கூட விற்கவில்லை. அடுத்த வருடமே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்து பிளாட்ஃபார்மைப் பாருங்கள். காரின் அடித்தட்டு, பேட்டரி வைக்கிற இடம், மோட்டார் உட்காரும் இடம் எல்லாம் சேர்ந்தது அது. ஸ்போர்ட்ஸ் காரின் பிளாட்ஃபார்ம் பெயரை எழுதிக்கொண்டு, அதே பெயர் அந்தக் கம்பெனியின் சாதாரணக் காரிலும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் மேலே படியுங்கள். இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

நமக்குத் தெரிந்த இரண்டு கம்பெனிகளை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஹூண்டாய், 2021-இல் ஐயோனிக் 5 என்ற குடும்பக் காரை இ-ஜிஎம்பி என்ற பிளாட்ஃபார்மில் கொண்டுவந்தது. 2023-இல் அதே காரை முறுக்கேற்றி ஐயோனிக் 5 என் என்று விட்டது. சாதாரணக் கார் முதலில், வேகக் கார் அதன் மேல். மஹிந்திரா கதை வேறு. அவர்கள் கையில் இருக்கும் இத்தாலிய கார் வடிவமைப்புக் கம்பெனியான பினின்ஃபரினா பெயரில் 2019-இல் ஜெனீவா கார் கண்காட்சியில் பட்டிஸ்டா என்ற மின்சார ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டினார்கள். 1,900 குதிரைசக்தி, மொத்தம் 150 கார்தான் என்ற கணக்கு. உள்ளே இருக்கும் பேட்டரியும் மோட்டார்களும் குரோஷியாவின் ரிமாக் கம்பெனியுடையவை. ஐந்து வருடம் கழித்து, 2024 நவம்பரில், சென்னையில் மஹிந்திரா பிஇ 6 என்ற மின்சார காரை அறிமுகப்படுத்தியது. ஆரம்ப விலை 18.90 லட்சம். அது இங்லோ என்ற வேறு பிளாட்ஃபார்ம். பட்டிஸ்டாவின் சாமான் எதுவும் அதில் இறங்கவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் உட்கார்ந்து வேலை செய்த நம் பொறியாளர்களின் உழைப்பு தெரிவது பிஇ 6-இல்தான். என்னைக் கேட்டால் மஹிந்திரா பெருமைப்பட வேண்டிய கார் அதுதான்.

இனி நான் அதிகம் பேச வேண்டிய இடம்: சூடு.

விளம்பரத்தில் 600 குதிரைசக்தி என்று போட்டிருப்பார்கள். அது எத்தனை நேரத்துக்கு என்று கேளுங்கள். நம் பம்புசெட் மோட்டாரின் நேம் பிளேட்டில் எஸ் 1 என்று போட்டிருக்கும். நிறுத்தாமல் ஓட்டினாலும் அந்த எச்.பி.யைத் தரும் என்று அர்த்தம். ஐந்து எச்.பி. என்றால் விடிய விடிய ஐந்து எச்.பி. கார் விளம்பரத்தில் வருவது உச்ச சக்தி. ஐயோனிக் 5 என் சாதாரணமாக 609, ஒரு பட்டனை அழுத்தினால் 650. அந்த 650 பத்து விநாடிக்குத்தான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். ஏன் பத்து விநாடி என்று யோசித்தால் சூடுதான் வந்து நிற்கும்.

டெல்டாவில் கடைமடைக்குப் போகப் போக கரண்டு லோ வோல்டேஜாக வரும். பம்புசெட் தூக்க வேண்டிய தண்ணீர் குறையாது, அதனால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். கம்பியில் ஏறும் சூடு ஆம்பியரின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால், கொஞ்சம் ஆம்பியர் கூடினாலே கம்பி மேல் பூசியிருக்கும் வார்னிஷ் கருகி காயில் போய்விடும். என் பட்டறையில் பாதி வருமானம் இதில்தான் வருகிறது. காரிலும் இதே கணக்கு. 400 வோல்ட்டுக்குப் பதில் 800 வோல்ட் வைத்தால் அதே சக்திக்குப் பாதி ஆம்பியர் போதும், அதே கேபிளில் சூடு கால்வாசியாகும். போர்ஷே 2019-இல் டைகான் காரில் 800 வோல்ட் வைத்தது. இரண்டே வருடத்தில் ஐயோனிக் 5-இலும் அது வந்துவிட்டது. நல்ல சார்ஜர் கிடைத்தால் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் ஏற 18 நிமிடம் என்கிறது ஹூண்டாய். ஸ்பெசிஃபிகேஷன் தாளில் வோல்டேஜ், 10-இலிருந்து 80 வரை ஏறும் நேரம் இரண்டையும் பாருங்கள். பூஜ்யத்திலிருந்து நூறு எத்தனை விநாடி என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பேட்டரிக்குள் இருக்கும் செல்லின் சூடு தனி விஷயம், வோல்டேஜைக் கூட்டினால் மட்டும் அது குறையாது. தண்ணீர் ஓட்டிக் குளிர்விக்க வேண்டும். 2010-இல் வந்த நிஸான் லீஃப் என்ற மின்சார காரில் அந்த ஏற்பாடு இல்லை. 2012 வாக்கில் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் பேட்டரி கொள்ளளவு சீக்கிரம் குறைகிறது என்று வாங்கியவர்கள் முறையிட்டார்கள். நமக்கும் கத்திரி வெயிலில் 40 டிகிரி சாதாரணம். ஐந்து பேர், ஏசி, டிக்கி நிறைய அரிசி மூட்டை என்று சென்னைக்குக் கிளம்பினால் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். நடுவில் ஃபாஸ்ட் சார்ஜ் போடும்போது பேட்டரி ஏற்கனவே சூடாக இருந்தால், காரே சார்ஜ் ஏறும் வேகத்தைக் குறைத்துவிடும்.

ஸ்போர்ட்ஸ் கார் செய்வதில் ஒரு கம்பெனிக்குக் கிடைக்கிற உண்மையான படிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஐயோனிக் 5 என் காரை ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் பந்தயப் பாதையில் ஓட்டி ஓட்டித் தேற்றினார்கள். ஒரு சுற்று இருபது கிலோமீட்டருக்கு மேல். இரண்டு சுற்று விரட்டினாலும் சக்தி பெரிதாகக் குறையக் கூடாது என்பது இலக்கு. 2,200 கிலோ எடையுள்ள வண்டியில் 84 யூனிட் பேட்டரியை அப்படி அடித்து ஓட்டி, சூட்டை எப்படி வெளியேற்றுவது என்று கற்றால், அந்தப் பாடம் மே மாதத்தில் திருச்சி ரோட்டில் போகிற காருக்கும் உதவும். பந்தயத்துக்கு முன்பே பேட்டரியைச் சரியான சூட்டுக்குக் கொண்டுவந்து வைக்கிற ஏற்பாடும் அதில் இருக்கிறது. இப்படிப்பட்ட வேலை நடந்தால் செலவை நான் குறை சொல்ல மாட்டேன். பேட்டரியையும் மோட்டாரையும் வெளியிலிருந்து வாங்கி, மேலே அழகான கூடு மட்டும் போட்டால் அந்தப் படிப்பு வேறு யாரிடமோ தங்கிவிடுகிறது.

விலையைப் பற்றி ஒரே ஒரு விஷயம். 2025 ஜூலையில் எம்ஜி சைபர்ஸ்டர் என்ற மின்சார ஸ்போர்ட்ஸ் கார் 74.99 லட்சத்துக்கு இந்தியாவில் வந்தது. அதற்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், டாடாவின் சின்ன மின்சார காரான டியாகோ இவிக்கும் அதே 5 சதவீதம்தான். மின்சார கார் என்பதற்காக அரசு இப்படி விட்டுக்கொடுக்கும் வரி எல்லாருடைய பணம். ஆகவே "அவன் காசு, அவன் செய்கிறான்" என்று ஒதுங்கிப் போக வேண்டியதில்லை, கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். என் அக்கா மகன் ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கிறான். "மாமா, சுவரில் ஒட்டி வைக்க ஒரு கார் வேணாமா? அதைப் பார்த்துத்தானே என்னை மாதிரி பசங்க இந்தப் படிப்புக்கே வர்றாங்க?" என்றான். இந்த விவாதத்தில் நான் கேட்டதிலேயே வலுவான வாதம் இது. ஆசையில்லாமல் யாரும் நல்ல இயந்திரம் செய்ய முடியாது. "மாப்பிள்ளை, நீ அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தால் 150 பேருக்கான காரில் வேலை செய்வியா, நம்ம ஊர் டாக்சிக்காரர் ஓட்டுகிற காரில் வேலை செய்வியா?" என்று கேட்டேன். இரண்டிலும் என்றான். இரண்டும் ஒரே பிளாட்ஃபார்மாக இருந்தால் அது நடக்கும்.

என் தீர்ப்பு இது. ஹூண்டாய் மாதிரி, சாதாரண மின்சார காரில் கால் ஊன்றிய கம்பெனி, அதே அடித்தட்டில் வேகக் காரும் செய்யட்டும், செய்யவும் வேண்டும். மாருதி இ-விட்டாராவை 2025 ஆகஸ்டில்தான் தயாரிக்கத் தொடங்கியது. அது அவர்களின் முதல் மின்சார கார். இப்போது அவர்கள் தனியாக ஸ்போர்ட்ஸ் கார் பக்கம் போனால் தப்பு. டாடா 2017-இல் ரேஸ்மோ என்ற இரண்டு சீட் பெட்ரோல் காரை ஜெனீவாவில் காட்டிவிட்டு, பிறகு கைவிட்டது. 2020 ஜனவரியில் வந்தது நெக்ஸான் இவி, தண்ணீர் ஓட்டிக் குளிர்விக்கும் பேட்டரியோடு. அந்தக் கம்பெனிக்கு எது தேவைப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் நாள் கணக்கில் கரண்டு கிடையாது. ஐயோனிக் 5-இல் வெளியே கரண்டு எடுக்க வழி இருக்கிறது, 3.6 கிலோவாட் வரை. ஃபேன், ஃபிரிட்ஜ், வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடிவிடும். ஒரு கம்பெனி தன் பெருமைக்கு எதையாவது செய்ய வேண்டுமென்றால், இதைப் பத்து லட்சம் ரூபாய் காரில் கொடுக்கட்டும். நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன்.

சரி, ஷோரூமுக்குப் போகிறீர்கள், பெருமைக்கார் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அப்புறம் நீங்கள் வாங்கப் போகிற காரின் தாளை வாங்கி மேஜையில் விரித்துவிட்டுக் கேளுங்கள்: "அந்த வண்டியில் இருக்கிற பேட்டரி கூலிங் இதில் இருக்கா? இல்லேன்னா எந்த வருஷம் வரும்? பேட்டரி வாரண்டியில் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவீங்க?" விற்பனை செய்கிற தம்பிக்குப் பதில் தெரியாமல் போகலாம், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். கம்பெனிக்கு எழுதிக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை புக்கிங் பணத்தைக் கட்டாதீர்கள்.